வண்டிக்குப் பின்னால் என் தங்கை

1

போன வியாழக்கிழமை எங்கள் ஊரில் முனிரத்தினத்துக்கு முதல் வருஷத் திதி. முனிரத்தினம் என் தங்கை மங்காவின் வீட்டுக்காரர். அன்றைக்குத்தான் திதி என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி நானே தெரிந்துகொண்டேன். இங்கே மெல்போர்னில் காலையில் குளித்துவிட்டு, பச்சரிசிச் சோறு வடித்து, வாழைக்காய் வதக்கி, தோட்டத்து மரவேலியின் மேல் ஒரு உருண்டை வைத்தேன். இந்த ஊரில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை உண்டு. அது வந்து கொத்தித் தின்றுவிட்டுப் போனது. அதைக் காகம் என்று வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று கேட்க எனக்கு இங்கே ஆள் இல்லை. ஊரில் என்றால் மங்காவைக் கேட்பேன்.

ஆனால் அன்றைக்கு மங்கா என்னோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நடத்தும் இந்த இதழில், வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்கள் அங்கத்து அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று போட்டிருந்தீர்கள். குளிரைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதலாம் என்று நாலைந்து தடவை உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. இது ஒன்றுதான் வருகிறது. நான் பாலசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் தமிழில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

2

என் மகன் சேகர் முதலில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டுத் தருமக் காரியம் செய்கிறான். ஆபீஸ் போட்டு, ஆள் வைத்து, கடை நடத்துவது போலத் தருமத்தை நடத்துவது இங்கே வழக்கம். எனக்கு முதலில் அது பிடிபடவில்லை.

"தருமம் பண்றவனுக்கு சம்பளம் எப்பிடிடா?" என்று கேட்டேன்.

"சம்பளம் இல்லன்னா லீவு நாள்ல மட்டும்தாம்மா தருமம் நடக்கும். கிட்னி லீவு நாள் பாத்தா கெட்டுப் போவுது?" என்றான்.

அது சரியென்று பட்டது. இன்றைக்கும் சரியென்றே படுகிறது.

அவனுக்கு இந்த எண்ணம் வந்ததே முனிரத்தினத்தால்தான். அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதிக்குப் போய், மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வைத்தியத்துக்குச் செலவு இல்லை, அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. போய் வருவதுதான் ஆளைத் தின்றது. விடிவதற்கு முன்னால் ஆட்டோ, பிறகு பஸ், புத்தூரில் இன்னொரு பஸ். திரும்பும்போது மெஷினில் இருந்து எழுந்த உடம்பு, உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் போக முடியாமல் பாதியில் விட்டு, வீட்டிலேயே செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள்.

"வீட்டு வாசல்லயிருந்து ஏத்திக்கினு போய், வாசல்லயே எறக்கி உடற மாதிரி வண்டி உடணும்மா," என்றான் சேகர். அன்றைக்கு அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சித்தப்பாவின் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். நீச்சல் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இதையெல்லாம் நான் சொல்வது, என் பிள்ளை ஏமாற்றுக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

3

வண்டிக்குப் பணம் திரட்டப் படம் வேண்டும் என்று அவனும் நானும் ஊருக்கு வந்தோம். திருப்பதியிலிருந்து ஒரு கேமராக்காரரை அழைத்து வந்திருந்தான். மெஷினுக்குப் போய் வருகிறவர்களின் வீட்டுப் பெண்களை எல்லாம் மங்கா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம்.

நம் ஊரில் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் பெட்டியில் இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்து, பக்கத்து வீட்டு நெக்லசையும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மங்கா தன் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல், நெற்றியில் கால்ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். முனிரத்தினம் கட்டிலில் படுத்தபடி, "இன்னாடி, என்னை உட்டுட்டு எவன்கூட கல்யாணம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

சேகர் மட்டும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் எடுத்ததைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டான்.

"கல்யாண ஆல்பம் மாதிரி இருக்குதும்மா. இதைப் பாத்தா எவன் குடுப்பான்? சின்னம்மா முகம்தான் நல்லா விழுது. அவங்களை மட்டும் கொஞ்சம் சாதாவா வரச் சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது. நீ சொல்லு."

நான் மங்காவை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நூல் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூவை எடுத்தேன். தாலியை ரவிக்கைக்குள் தள்ளச் சொன்னேன். பிறகு வளையலுக்குக் கை நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அக்கா, நீ வேணாம். நானே எடுத்துக்கறேன்," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் புருஷனை இழந்தவள். எங்கள் பக்கத்தில், புருஷன் போன பத்தாம் நாள், தாலி அறுத்தவர்கள்தான் வந்து வளையலைக் கழற்றிப் பொட்டை அழிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அதெல்லாம் தெரிந்தும் நான், "போடி, போட்டோவுக்குத்தானே, இதுல போய் சாங்கியம் பாக்கற," என்று சொல்லிச் சிரித்தேன். வெளியே பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறான், கேமராக்காரருக்கு நேரமாகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வளையலைச் சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். குங்குமம் எண்ணெயோடு ஒட்டியிருந்தது. என் முந்தானையில் எச்சில் தொட்டு, அழுத்தித் துடைத்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதே முகத்தோடு வெளியே வந்து நின்றாள். படம் ஒரே தடவையில் நன்றாக விழுந்தது.

4

மெல்போர்னுக்குத் திரும்பிய பிறகு சேகர் எனக்கு விளக்கிச் சொன்னான். பணம் கேட்டு இரண்டு படம் அனுப்புவார்களாம். பாதிப் பேருக்குச் சிரிக்கிற முகம், பாதிப் பேருக்கு அழுகிற முகம். எதைப் பார்த்து அதிகம் பேர் கொடுக்கிறார்களோ அதை வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுவார்களாம். மங்கா அழவில்லை, சும்மாதான் நின்றாள். ஆனாலும் அவள் முகத்தை எந்த முகமும் ஜெயிக்கவில்லை.

அந்தப் படம் போட்ட காகிதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. என் பேத்தி அதை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எங்கள் ஊர் மனிதர்களைத்தான் தெரியாது. போனில் எத்தனையோ தடவை பேசிய சின்ன ஆயாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாவம் ஆயா இவங்க. வண்டி இல்லாததால ஹஸ்பெண்ட் செத்துட்டாராம்," என்றாள்.

"யாரு செத்தா? எங்க எழுதியிருக்குது, மறுபடியும் படி," என்றேன். அவள் விரலை வைத்துக் காட்டிப் படித்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவள் விரல் நின்ற இடம் மங்காவின் நெற்றிக்கு நேர் கீழே இருந்தது.

சேகரிடம் கேட்டேன். "பேர் போடலம்மா. ஊர் போடல. அந்த மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க இல்ல? அவங்களுக்காக ஒரு முகம். அவ்ளோதான். எழுதற ஆளு இப்பிடி எழுதிட்டான், நானும் பாத்தேன், வேணாம்னு சொல்ல மனசு வரல. குடுக்கறாங்கம்மா," என்றான்.

நான் அதோடு விட்டுவிட்டேன். இந்தக் காகிதம் கடலைத் தாண்டி எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன். இந்த ஒரு இடத்தில் என் பிள்ளையைவிட என் தப்புதான் பெரியது. அவன் எழுதியதைப் பார்த்தவன். நான் துடைத்தவள். துடைத்தது என்ன ஆயிற்று என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவள்.

5

வண்டி வந்தது. வெள்ளை வேன், உள்ளே ஆறு பேர் சாய்ந்து உட்காரலாம். பணம் கொடுத்தவர்கள் பார்ப்பதற்காக, வண்டியின் பின்கதவு முழுக்க அந்தப் படத்தை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். சேகர் இங்கிருந்து, "எங்கள் படத்தை ஒட்டுங்கள்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். திருப்பதியில் ஒட்டியவர்களுக்கு அது யார் என்று தெரியாது.

முதல் நாள் வண்டி மங்கா வாசலில் வந்து நின்றபோது, ஊரே கூடி முன்பக்கம் தேங்காய் உடைத்தார்களாம். வண்டி திரும்பும்போதுதான் பின்பக்கம் தெரிந்திருக்கிறது. மங்காவின் மகள் ஜோதி திருப்பதியில் படித்தவள். படத்தின் கீழே இருந்த இங்கிலீஷ் வாசகத்தைப் படித்துவிட்டு அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்ற பெண்கள், "இன்னா எழுதிக்கீது, இன்னா எழுதிக்கீது" என்று பிடுங்கி எடுத்ததில் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் முனிரத்தினமே மெஷினில் படுத்தபடி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணி, உன் புள்ள வண்டி சூப்பரு. தூங்கிக்கினே வந்தேன். பின்னால என் பொண்டாட்டி வரா. நான் செத்ததாலதான் வண்டி வந்துச்சாம். நான் சாவலன்னா வண்டி இல்ல. வண்டி இல்லன்னா நான் செத்துருவேன். நல்லா மாட்டிக்கினேன் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். "செத்தவன் எங்க துன்றது," என்றார். அதற்கும் அவரே சிரித்தார்.

சாயங்காலம் மங்கா பேசினாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "நானே எடுத்துக்கறேன்னு சொன்னேன் இல்லக்கா? நீ கேக்கல. உன் கையால தொடச்ச," என்றாள். வைத்துவிட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வாரத்துக்கு மூன்று நாள் அந்த முகம் அவள் வாசலுக்கு வந்தது. அவர் ஏறிப்போவதைப் பார்க்க வாசலுக்கு வராமல் இருந்துவிட்டாள் என்று ஜோதி சொன்னாள். படத்தை எடுக்கச் சொல்லி நான் சேகரிடம் இரண்டு தடவை சொன்னேன். நான் சத்தமாகப் பேசத் தெரிந்தவள் இல்லை. பிள்ளையிடம் பேசுவதென்றாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். "பாக்கலாம்மா," என்றான். அந்த வாரமே இன்னொரு வண்டிக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அதற்குமேல் நான் சொல்லவில்லை.

அந்த வண்டியால் அவர் ஆறு மாதம் கூடுதலாக இருந்தார். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்களாம். மெஷினுக்குப் போகவேண்டாத ஒரு நாள், காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்.

நான் போக முடியவில்லை. எனக்கு அப்போது இடைக்கால விசா. நாட்டைவிட்டு வெளியே போனால், திரும்பி வருவதற்குத் தனியாக அனுமதி வாங்கவேண்டும். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று படிவத்தில் கேட்டிருந்தது. தாய், தகப்பன், பிள்ளை, கூடப் பிறந்தவர் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார்கள். தங்கை புருஷனுக்குக் கட்டம் இல்லை. "மற்றவர்" என்பதில் டிக் போட்டுக் கொடுத்தோம். அனுமதி வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

பத்தாம் நாள் நடந்ததை ஜோதிதான் சொன்னாள். வளையலைக் கழற்ற அறுத்தவர்கள் நாலு பேர் வந்து மனைப் பலகை போட்டிருக்கிறார்கள். மங்கா உட்காரவில்லை.

"அதெல்லாம் எங்க அக்கா வந்து முன்னாடியே முடிச்சிட்டா. இன்னொரு தபா எதுக்கு?" என்றாளாம்.

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் கையில் வளையல் இருக்கிறது, நெற்றியில் பொட்டு இருக்கிறது. ஊரில் ஒரு மாதிரி பேசுகிறார்கள். கல்யாண வீடுகளுக்கு அழைப்பு வருவதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவள் அறுத்தவளாக வண்டியில் ஊர்வலம் போனாள். அவர் போன பிறகு பொட்டோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

6

வியாழக்கிழமை அந்தப் பறவை சோற்றைத் தின்றுவிட்டுப் போன பிறகு, எனக்கு உள்ளே என்னவோ ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் சேகர் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அடுப்பைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே சொன்னேன்.

"மங்கா படத்தை எல்லா இடத்துல இருந்தும் எடுத்துடு. வண்டியில இருந்தும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "சனிக்கிழமை டின்னர் இருக்குதும்மா. பெரிய ஸ்க்ரீன்ல வரப்போறதே அந்தப் படம்தான்."

வருஷத்துக்கு ஒருமுறை, கொடுக்கிறவர்களை எல்லாம் ஒரு மண்டபத்தில் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, அங்கேயே நன்கொடை கேட்பார்கள். அதைத்தான் சொன்னான்.

"எடுத்துடு."

"எடுத்தா அந்த எடத்துல இன்னொரு முகம் வேணும். ரெண்டு நாள்ல எங்க போறது? சும்மா இல்லம்மா, பத்து வண்டி இதை நம்பி ஓடுது. நின்னுட்டா உள்ள இருக்கறவங்க கதி என்ன?"

அவன் சொல்வது பொய் இல்லை. "என்னை எடுத்துக்க," என்றேன். "நானும் புருஷன் இல்லாதவதானே. என்னைப் போட்டா பொய்யாவாது."

முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தான். என் பிள்ளை என்னை அம்மாவாகப் பார்ப்பதை விட்டு, படமாகப் பார்க்கத் தொடங்கிய நேரம் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் எடுத்தான். கார் நிற்கிற இடத்துச் செங்கல் சுவர் நம் ஊர்ச் சுவர் போலவே இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டேன். செயினை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "கம்மல் மின்னுதும்மா," என்றான். கல்யாணத்துக்குப் போட்ட ஏழுகல் கம்மல் அது, என் வீட்டுக்காரர் போனபோதுகூடக் கழற்றவில்லை. திருகு இறுகிப் போயிருந்தது. மருமகள் எண்ணெய் விட்டு, துணியால் பிடித்துத் திருகினாள். இரண்டாவது காதில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "சாரி அத்தம்மா," என்று அவள் அழுதுவிட்டாள். சேகர் அதற்குள் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டான்.

வாசகத்தை மாற்றிவிட்டான். புருஷன் செத்த கதை இல்லை. "இவரைப் போன்றவர்களுக்கு ஒரு வண்டி" என்று மட்டும் போட்டிருப்பதாகப் பேத்தி படித்துச் சொன்னாள். நான் இந்த வீட்டில், ஹீட்டர் வைத்த அறையில் இருக்கிறவள் என்பதை மட்டும் அதில் எங்கேயும் போடவில்லை. "அதையும் போட்டுடேன்டா," என்றேன். "போட்டா யாரும்மா குடுப்பாங்க?" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே திருப்பதியில் எல்லா வண்டியிலும் மங்காவைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

7

அந்தச் சாப்பாட்டுக்கு நான் எல்லா வருஷமும் போவேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து, யாராவது கை கூப்பினால் நானும் கூப்புவேன். நேற்றுச் சனிக்கிழமை கிளம்பும்போது சேகர் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அம்மா, இந்த வருஷம் நீ வரவேணாம். ஸ்க்ரீன்ல உன்னை அப்பிடிப் பாத்துட்டு, பக்கத்து டேபிள்ல நீ உக்காந்து சாப்பிடறதைப் பாத்தா..." என்று நிறுத்தினான்.

"புரியுதுடா. போய்ட்டு வா," என்றேன்.

கட்டியிருந்த பட்டை அவிழ்த்து மடித்து வைத்தேன். கார் போகிற சத்தம் கேட்டது. இங்கே சாயங்காலம் ஆறு மணி, ஊரில் மத்தியானச் சோற்று நேரம். வண்டியிலிருந்து படம் போய்விட்டதா என்று கேட்க ஜோதிக்குப் போன் போட்டேன்.

எடுத்தது ஜோதி இல்லை. மூச்சு விடுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசினால் வைத்துவிடுவாளோ என்று பயம்.

அவள்தான் பேசினாள். "உன் படம் போன்ல வந்துச்சு. ஜோதி காட்னா."

"ம்."

"கம்மலக் கழட்டிட்டானா?"

"ம்."

"அது திருகு வராதே."

"எண்ண வெச்சி எடுத்தாங்க."

"வலிச்சுதா?"

"இல்ல," என்றேன்.

அந்தப் பக்கம் வளையல் மட்டும் ஒருமுறை கேட்டது, போனைக் கை மாற்றிப் பிடித்திருப்பாள்.

"இன்னும் பொய்யே சொல்லிக்கினு இரு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.